துணைக்கு யாரு வர்றா?

போன வருசம் ஐப்பசி மாசம் ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி அம்மா போன் பண்ணுச்சு. சாப்டியா, பாப்பா தூங்கிட்டாளா, அங்க மழையான்னு வழக்கம்போல எல்லாம் கேட்டுட்டு போன வைக்கப்போற நேரத்துல, "அடுத்த வாரம் எனக்கு ஒரு ஆபரேசன் இருக்கு கண்ணு, நீ லீவு போட்டுட்டு அலைய வேண்டாம், மகளிர் குழுவுல இருந்து ரெண்டு பேரு துணைக்கு வர்றாங்க"ன்னு சொல்லுச்சு.

என்ன ஆபரேசன்மான்னு கேட்டா பதிலே இல்ல. டிவி சத்தம் மட்டும் கேட்குது. அப்புறம் எந்திரிச்சு வாசலுக்கு வந்துச்சு போல, குரல தாழ்த்தி, "கர்ப்பப்பை எறங்கிருச்சு சாமி. இப்ப இல்ல, ஏழெட்டு வருசமா"ன்னுச்சு.

ஏழெட்டு வருசம்! எனக்கு முதல்ல வந்தது கோவம்தான். ஒரே பொண்ணு நான், தினமும் பேசுறோம், தக்காளி என்ன விலைக்கு போச்சுங்கறதுல இருந்து பக்கத்து வீட்டு கன்னுக்குட்டி வரைக்கும் எல்லாம் சொல்ற அம்மா இத மட்டும் எங்கிட்ட சொல்லல, குழுவுல இருக்கற அத்தன பொம்பளைங்களுக்கும் தெரிஞ்சிருக்கு எனக்கு தெரியல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. படுத்துக்கிட்டே பழசெல்லாம் ஒண்ணொண்ணா யோசிச்சுப் பாக்கும்போதுதான் எனக்கு விளங்க ஆரம்பிச்சது. அம்மா சென்னைக்கு வந்தா ரெண்டு நாளைக்கு மேல தங்கவே தங்காது, ஆடு இருக்கு, மாடு இருக்கு, அப்பா சோத்துக்கு என்ன பண்ணுவாருன்னு ஏதாவது ஒண்ணு சொல்லிட்டு கெளம்பிரும். நாலு வருசம் முன்னாடி என் பிரசவத்துக்கு வந்தப்பக்கூட ரூம்ல கட்டில் இருந்தும் பாத்ரூம் கதவுகிட்டதான் பாய் விரிச்சு படுத்துச்சு, நான் ஏதோ புழுக்கத்துக்குன்னு நினைச்சேன். இருமல் வந்தா எந்திரிச்சு போயிரும். பழநிக்கு பாதயாத்திரை வருசா வருசம் போற ஆளு (எங்க ஊரு ஒட்டன்சத்திரம் பக்கம், நடந்தா ஒரு நாள்ல பழநி போயிரலாம்) திடீர்னு நிறுத்திருச்சு, முட்டி வலின்னு சொல்லுச்சு. எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான், கண்ணு முன்னாடியே இருந்திருக்கு, நான் பாக்கல.

ஊருக்கு போய் உக்காந்து கேட்டப்பதான் முழுசா சொல்லுச்சு. குனிஞ்சு நிமிந்தா கீழ ஏதோ பந்து மாதிரி வந்து நிக்குமாம், குத்த வச்சு உக்காந்தா இன்னும் கீழ வருமாம், கையால உள்ள தள்ளி விட்டுட்டு பழைய வேட்டித் துணிய மடிச்சு இறுக்கி கட்டிக்கிட்டு நூறு நாள் வேலைக்கு போயிருக்கு, முருங்கைக்காய் கட்டு தூக்கியிருக்கு, சிரிச்சா தும்முனா ஒண்ணுக்கு வந்துரும்னு பயந்து கல்யாணம் காதுகுத்துன்னு எங்கயும் போகாம இருந்திருக்கு. அப்பாகிட்டயும் சொல்லல. "அவருகிட்ட என்னத்தன்னு சொல்றது"ன்னு கேட்டுச்சு. அதுக்கு எனக்கும் பதில் தெரியல.

நடுவுல ஒரு தடவ, ஆறு வருசம் முன்னாடி, யாருகிட்டயும் சொல்லாம தனியா பஸ் ஏறி டவுன்ல ஒரு கிளினிக்குக்கு போயிருக்கு. வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு கேட்கற மாதிரி "இத்தன வருசம் என்னம்மா பண்ணிட்டிருந்த"ன்னு ஒரு சத்தம். அவ்ளோதான், மாத்திரை சீட்ட வாங்கிட்டு வந்த அம்மா அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி பக்கமே போகல. யோசிச்சுப் பாருங்க, அந்த பெஞ்சுல பக்கத்துல ஒரே ஒரு ஆளு உக்காந்திருந்து "மெதுவா பேசுங்க டாக்டர்"னு சொல்லியிருந்தா அம்மாவுக்கு ஆறு வருசம் மிச்சமாயிருக்கும்.

அப்ப எப்படி வெளிய வந்துச்சு? அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். எங்க ஊரு மகளிர் குழு ஒண்ணும் உடம்பப் பத்தி பேசறதுக்காக கூடற குழு இல்ல. தமிழ்நாட்டுல இந்த சுய உதவிக் குழுங்க 1989-ல தர்மபுரி பக்கம் ஆரம்பிச்சு ஊரு ஊரா பரவுனது, சேமிப்பு, லோன், தவணை, இதுதான் வேலை. மாரியம்மன் கோயில் மண்டபத்துல மாசம் ரெண்டு தடவ உக்காந்து காசு எண்ணி நோட்டுல எழுதி கையெழுத்து போட்டுட்டு எந்திரிச்சு போவாங்க. அப்படி ஒரு கூட்டத்துல ஒரு அக்கா மட்டும் கீழ உக்காராம தூண்ல சாஞ்சு நின்னுக்கிட்டே இருந்திருக்காங்க. குழுவ நடத்துற ஊக்குநர் அக்கா ரெண்டு தடவ உக்காரு உக்காருன்னு சொல்லியும் உக்காரல. மூணாவது தடவ அதட்டுனதும் அந்த அக்கா அழுதுட்டாங்களாம். அழுதுக்கிட்டே சொன்னாங்களாம், உக்காந்தா கீழ எறங்குதுன்னு. மண்டபத்துல ஒரு சத்தம் இல்லையாம். அப்புறம் எங்கம்மா வாயில இருந்து தானா வந்துருச்சாம், "எனக்கும் இருக்கு"ன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு பெரியம்மா. பதினாலு பேருல மூணு பேரு, பக்கத்து பக்கத்துல உக்காந்து வருசக்கணக்கா ஒரே வலிய தனித்தனியா மறைச்சிருக்காங்க.

ஊக்குநர் அக்கா அப்ப ஒரு அறிவுரையும் சொல்லலையாம், இத எனக்கு ரொம்ப பிடிச்சது. "வியாழக்கெழம ஆஸ்பத்திரி போறோம். யாரெல்லாம் வர்றீங்க?" அவ்ளோதான் கேட்டாங்களாம். மூணு பேருக்கு பிரச்சனை, போனது ஆறு பேரு. ஷேர் ஆட்டோ பிடிச்சு, புளிச்சோறு கட்டிக்கிட்டு, ஏதோ கெடாவெட்டுக்கு போற மாதிரி போயிருக்காங்க.

அரசு ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர் பொறுமையா பாத்திருக்காங்க. இது கேன்சர் இல்ல, உயிருக்கு ஆபத்தும் இல்ல, ஆனா இவ்ளோ நாள் அனுபவிச்சிருக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. கர்ப்பப்பைய தாங்கிப் பிடிக்கிற தசையும் நாரும் தளர்ந்து போறதுதான் இது, நெறைய பிரசவம், பிரசவமான கொஞ்ச நாள்லயே குடம் தூக்குறது வெறகு தூக்குறது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், அப்புறம் மாதவிடாய் நின்ன பிறகு ஹார்மோன் குறையறது, எல்லாம் சேர்ந்துக்கும். எல்லாருக்கும் ஆபரேசன்தான்னு இல்ல, இது நெறைய பேருக்கு தெரியாது, ஆபரேசன்னு பயந்தே போறதில்ல. அந்த தூணுல சாஞ்சு நின்ன அக்காவுக்கு உள்ள வைக்கிற மாதிரி ஒரு ரிங் குடுத்தாங்க, குறிப்பிட்ட நாளைக்கு ஒரு தடவ எடுத்து கழுவி வைக்கணும், இப்ப அவங்க ஜம்முன்னு உக்காந்து எந்திரிக்கிறாங்க. துணைக்கு போன சின்ன வயசு பொண்ணுக்கு லேசான ஆரம்பம்னு சொல்லி, ஒண்ணுக்க அடக்குற மாதிரி இறுக்கிப் பிடிச்சு விடுற உடற்பயிற்சி மட்டும் போதும்னுட்டாங்க. (அந்த பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சுதான் கூட போச்சு!) அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும்தான் ஆபரேசன்.

அதே நாள்ல வந்தது வந்துட்டீங்க, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனையும் பண்ணிக்கங்கன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. தனியா போயிருந்தா எங்கம்மா சத்தியமா ஓடி வந்திருக்கும். ஆறு பேரும் வரிசையா பண்ணிக்கிட்டாங்க. வினிகர்ல இருக்கற அதே அமிலத்த தண்ணியா கலந்து கர்ப்பப்பை வாயில தடவி ஒரு நிமிசம் விட்டுப் பாப்பாங்க, சந்தேகமான எடம் வெள்ளையா தெரியும், முடிவு அப்பவே சொல்லிருவாங்க. ஒருத்தருக்கு சந்தேகமா இருந்து மேல டெஸ்டுக்கு அனுப்பி ஒண்ணுமில்லன்னு வந்துச்சு, அந்த பத்து நாளும் அவங்க வீட்டுல ராத்திரி யாராவது ஒருத்தர் போய் படுத்துக்கிட்டாங்களாம்.

இந்த சோதனைக்கும் எங்க மாவட்டத்துக்கும் ஒரு பெரிய சம்பந்தம் இருக்கறது எனக்கு அப்புறமா படிச்சுதான் தெரிஞ்சது. 2000-ல இருந்து திண்டுக்கல் மாவட்டத்துலதான் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு எங்க பக்கத்து ஊரு அம்பிளிக்கை ஆஸ்பத்திரியோட சேர்ந்து இந்த ஆய்வ பண்ணியிருக்கு. 30-லருந்து 59 வயசு வரைக்கும் 49,311 பெண்கள கூப்பிட்டு, பயிற்சி எடுத்த நர்ஸுங்களே சோதிச்சாங்க. சில வருசம் கழிச்சு பாத்தா, கூப்பிடாத ஊருங்களோட ஒப்பிட்டா இந்த ஊருங்கள்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் கம்மி, அதனால சாவு 35 சதவீதம் கம்மி. 2007-ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையில வந்துச்சு, உலகத்துல பல நாடுங்க இத எடுத்துக் காட்டி பேசுறாங்க. எங்க ஊரு பக்கத்து பொம்பளைங்க ஏத்தி வச்ச வெளக்கு அது! ஆனா அதுலயே இன்னொரு நம்பர் இருக்கு, என்னால அத தாண்டி போக முடியல. கூப்பிட்டதுல வந்தது 31,343 பேரு. மூணுல ஒருத்தருக்கு மேல வரல. காசு கேட்கல, ஊருக்கே தேடி வந்தாங்க, அப்பவும் வரல. ஏன் வரலன்னு எங்கம்மாகிட்ட கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கல, "துணைக்கு யாரு வந்திருப்பா"ன்னு கேட்டுச்சு.

நம்ம ஊர்ல ஒரு பொம்பள தனக்குன்னு ஆஸ்பத்திரி போறது ரொம்ப கடைசி. புள்ளைக்கு காய்ச்சல்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கும் ஓடுவோம், மாமியாருக்கு சுகர் மாத்திரை தீந்துபோச்சுன்னா ஞாபகம் வச்சு வாங்குவோம், நமக்குன்னா "அடுத்த மாசம் பாத்துக்கலாம்". ஆனா இன்னொருத்தி கூப்பிட்டா போயிருவோம். அவளுக்கு துணையா போறோம்னு நினைச்சுக்கிட்டு போவோம், அவ நமக்கு துணையா வர்றான்னு நினைச்சுக்கிட்டு வருவா, கடைசியில ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு வந்துருவோம். எங்கம்மா குழுவுல நடந்தது முழுக்க இதுதான்.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சது. நான் லீவு போட்டுட்டுதான் போனேன், ஆனா உண்மையச் சொல்லணும்னா என் வேலைய விட அவங்க வேலைதான் பெருசு. மூணு மாசம் பாரம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் பத்து நாள்ல திரும்பிட்டேன், மீதி எண்பது நாளு? நோட்டுல தவணை எழுதுற மாதிரியே எழுதி வச்சுக்கிட்டாங்க, காலையில பால் கறக்க யாரு, தண்ணி எடுக்க யாரு, கட்டு மாத்த கூட்டிட்டு போக யாருன்னு. ரசம் வச்சு கொண்டுவர்ற மதினி ஒருத்தங்க எங்கப்பாவ பாத்து, "மாமா, குடத்த இனிமே நீங்கதான் தூக்கணும், அத்தை தூக்குனா மறுபடி எறங்கிரும்"னு நேரா சொல்லிட்டாங்க. நான் சொல்லியிருந்தா அவரு சங்கடப்பட்டு எந்திரிச்சு போயிருப்பாரு, அம்மா சொல்லவே சொல்லாது. மதினி சொன்னதும் எந்திரிச்சு போய் குடத்த எடுத்தாரு. அறுபத்தி மூணு வயசுல எங்கப்பா தண்ணி தூக்குறாரு, இன்னைக்கு வரைக்கும் தூக்குறாரு.

இதெல்லாம் சொல்லும்போது குழுன்னா எல்லாமே தேன்னு நான் சொல்லல. அதே குழுதான் தவணை கட்ட முடியாதவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கும், ஒருத்தி கட்டலன்னா எல்லாரும் சேர்ந்து கட்டணும்ங்கறதால அந்த நெருக்கடிய பொம்பளைங்களே பொம்பளைங்களுக்கு குடுப்பாங்க, நான் சின்ன வயசுலயே பாத்திருக்கேன். புள்ளை இல்லாத ஒரு அத்தை பேச்சு தாங்க முடியாம குழுவ விட்டே போயிட்டாங்க. இன்னொண்ணும் இருக்கு, இத எழுதாம விட எனக்கு மனசு வரல. எங்க ஊர்ல குழு தெருவுக்குத் தெரு தனி. காலனியில தனி குழு, ஊருக்குள்ள தனி குழு. ஒரே பிரச்சனைதான் ரெண்டு பக்கமும், சொல்லப்போனா பாரம் தூக்குற வேலை அவங்களுக்குத்தான் அதிகம், ஆனா அந்த ஷேர் ஆட்டோவுல அன்னைக்கு காலனியில இருந்து ஒருத்தர்கூட இல்ல. நான் கேட்டப்ப அம்மா முதல்ல "அவங்களுக்கு அவங்க குழு இருக்கே"ன்னு சொல்லுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அம்மாவும் அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

என் பிரசவத்தையும் சொல்றேன், ஏன்னா அப்பதான் துணை இல்லாம இருக்கறது என்னன்னு என் உடம்புக்கு தெரிஞ்சது. சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி, நல்ல வசதி, ஏசி ரூம். வலி வந்ததும் உள்ள கூட்டிட்டு போனாங்க, அம்மாவ கதவுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. பதினோரு மணி நேரம். நர்ஸுங்க வர்றாங்க, பாக்குறாங்க, போறாங்க, கையப் பிடிக்க ஒரு ஆளு இல்ல. கண்ணாடி கதவுல அம்மா சேலை கலர் மட்டும் தெரியுது. கடைசியில சிசேரியன். துணை இருந்திருந்தா சுகப்பிரசவம் ஆயிருக்கும்னு நான் சொல்ல முடியாது, ஆனா 17 நாட்டுல நடந்த 26 ஆய்வ, 15,000 பேருக்கு மேல, ஒண்ணா சேர்த்துப் பாத்து 2017-ல வெளியிட்டாங்க, பிரசவ வலி நேரம் முழுக்க ஒருத்தர் கூடவே இருந்தா சுகப்பிரசவம் கூடுது, சிசேரியன் குறையுது, வலி நேரமே கொஞ்சம் குறையுதுன்னு. கூட இருக்கறவங்க டாக்டரா இருக்கணும்னு இல்ல. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிங்கள்ல பிரசவ அறையில ஒரு பெண் துணைய அனுமதிக்கிற வழக்கம் ரொம்ப வருசமாவே இருக்கு, காசு கட்டிப் போன எடத்துல எனக்கு அது கெடைக்கல. கர்ப்பமா இருக்கற யாராவது இத படிச்சீங்கன்னா, ஆஸ்பத்திரி முடிவு பண்றதுக்கு முன்னாடியே "உள்ள துணைக்கு ஆள விடுவீங்களா"ன்னு கேட்டு வச்சுக்கங்க.

ஜார்க்கண்ட், ஒடிசாவுல ஏக்ஜுத்னு ஒரு அமைப்பு பண்ண வேலையும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். பழங்குடி மக்கள் அதிகம் இருக்கற மூணு மாவட்டத்துல 2005-ல இருந்து மூணு வருசம், மாசம் ஒரு தடவ பொம்பளைங்கள கூட்டி உக்கார வச்சு, படம் காட்டி, கதை சொல்லி, வெளயாடி, பிரசவத்துல என்னென்ன பிரச்சனை வருது, நம்மளே என்ன பண்ணலாம்னு பேச வச்சாங்க. கூட்டத்த நடத்துனது உள்ளூர் பொண்ணுங்கதான். பொறந்த ஒரு மாசத்துக்குள்ள குழந்தை சாகறது 32 சதவீதம் குறைஞ்சது. அதோட இன்னொண்ணும் நடந்தது, மூணாவது வருசத்துல அம்மாக்களுக்கு வர்ற ஓரளவு தீவிரமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைஞ்சிருந்தது. மனச்சோர்வுக்குன்னு யாரும் தனியா மருந்து குடுக்கல. வட்டமா உக்காந்து பேசுனாங்க, ஒருத்தி வீட்டு பிரச்சனைய எல்லாரும் சேர்ந்து தூக்குனாங்க. குழந்தை பொறந்து மூணு மாசம் வரைக்கும் காரணமே இல்லாம பாத்ரூம்ல அழுத எனக்கு இத படிச்சப்ப தொண்டை அடைச்சிருச்சு.

அம்மா ஆபரேசனுக்கு அப்புறம் நான் சென்னை மேடவாக்கம் திரும்பி வந்து ஒரு வேலை பண்ணேன். எங்க அபார்ட்மெண்ட்ல சாயந்தரம் நாலஞ்சு பேரு நடப்போம், அதுவரைக்கும் ஸ்கூல் பீஸும் வேலைக்காரம்மா லீவும்தான் பேச்சு. ஒரு நாள் நான் எங்கம்மா கதைய சொன்னேன், மறைக்காம முழுசா. சொல்லி முடிச்சதும் மூணாவது மாடி அக்கா, நாப்பத்தி ஆறு வயசு, நடக்கறத நிறுத்திட்டு சொன்னாங்க, எட்டு மாசமா மாசத்துல பதினஞ்சு நாள் ரத்தம் போகுது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாத்துறேன், மெனோபாஸ் வர்ற வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சு விட்டுட்டேன்னு. மாடி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு லிப்ட்லயே போய்க்கிட்டிருந்தாங்க, நாங்க பாத்துக்கிட்டுதான இருந்தோம். சனிக்கிழமை ரெண்டு பேரு கூட போனோம். ஹீமோகுளோபின் ஆறு புள்ளி சொச்சம், கர்ப்பப்பையில கட்டி. ரத்தம் ஏத்தி, மருந்துலயே இப்ப பரவால்ல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15-லருந்து 49 வயசு பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு இருக்கு, நாங்க நடக்கற அஞ்சு பேருல மூணு பேருக்கு இருந்துச்சு. அன்னைக்கு வரைக்கும் எங்களுக்கு ஒருத்தர பத்தி ஒருத்தருக்கு தெரிஞ்சதெல்லாம் புருசன் எந்த கம்பெனி, புள்ளை எந்த ஸ்கூல்ங்கறதுதான்.

இப்படி கூட போகும்போது ஒண்ணு ரெண்டு விசயம் கத்துக்கிட்டேன். கூட போய் கேட்டத வெளிய சொல்லக்கூடாது, ஒரு தடவ சொன்னா அப்புறம் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. "ஏன் முன்னாடியே சொல்லல"ன்னு கேட்கவே கூடாது, நான் அம்மாகிட்ட கேட்டது இன்னும் எனக்கு உறுத்துது. அப்புறம் வெந்தயம் சாப்பிடு, கற்றாழை குடின்னு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லாம, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு எழுதி வச்சுக்கறதுக்கு ஒரு ஆளு, அவ்ளோதான். பதட்டத்துல இருக்கறவங்களுக்கு பாதி காதுல விழாது.

போன வாரம் அம்மா போன் பண்ணுச்சு. வியாழக்கெழம ஆஸ்பத்திரி போகுதாம். எனக்கு பக்குன்னு இருந்துச்சு, மறுபடி என்னம்மான்னு கேட்டேன். "எனக்கில்ல கண்ணு, காலனியில ஒரு புள்ளைக்கு, உன் வயசுதான் இருக்கும், ரெண்டு குழந்தை. நம்ம ஊக்குநரும் நானும் போய் பேசுனோம், அவங்க குழுவுல இருந்தும் நாலு பேரு வர்றாங்க. இந்த தடவ வேன் சொல்லியிருக்கு"ன்னு சொல்லுச்சு. அப்புறம், "நீ கடைசியா எப்ப செக்கப் போன?"ன்னு கேட்டுச்சு. நான் பிரசவத்துக்கு அப்புறம் போகவே இல்ல. அம்மாகிட்ட பொய் சொல்ல முடியல.

இருபத்தி ஒண்ணாம் தேதிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். மூணாவது மாடி அக்கா வர்றேன்னு சொன்னாங்க, ஆனா அம்மா தானே வர்றேன்னு ட்ரெயின்ல டிக்கெட் போடச் சொல்லிருச்சு. திரும்பிப் போறதுக்கு எந்த தேதிக்கு போடட்டும்னு கேட்டேன். "அவசரமில்ல, ஒரு பத்து நாள் இருக்கேன், அப்பா பாத்துக்குவாரு"ன்னு சொல்லுச்சு.